காதில் வைக்கும் வளர்ச்சி மருந்து: அங்கே வைக்கும் முறையும், இங்கே நாம் செய்ய வேண்டியதும்

"ஏனுங்க, அமெரிக்காவுல மாட்டுக் காதுல ஒரு மருந்து வெக்கறாங்களாமா, மாடு மளமளன்னு எடை ஏறுதாமா. நமக்கு அது எங்கீங்க கிடைக்கும்?"

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் கன்று வளர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். நேரடியான பதில்: இங்கே அது சட்டப்படி விற்கும் மருந்து அல்ல. யாராவது திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் நம் மாட்டில் அது காசுக்கு வேலை செய்யாது. சில மாட்டில் கெடுதலே செய்யும்.

ஆனாலும் அந்த முறையை முழுதாகத் தெரிந்துகொள்வது நல்லது. மருந்து வைக்கும் வேலை அங்கே ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் செய்யும் காரியங்கள்தான் எடையைக் கொண்டுவருகின்றன. அந்தக் காரியங்களில் பெரும்பாலானவற்றை நம் கட்டுத்தறியிலும் செய்யலாம்.

என்ன மருந்து அது

இம்ப்ளான்ட் என்பது காதுத் தோலுக்கடியில் வைக்கும் சின்னச் சின்ன மருந்து மணிகள். உள்ளே இருப்பது ஹார்மோன். மாட்டின் உடம்பிலேயே சுரக்கும் ஈஸ்ட்ரடையால், டெஸ்டோஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன் ஆகியவை ஒரு வகை. ஆலையில் தயாராகும் டிரென்போலோன் அசிடேட், ஜெரனால் ஆகியவை இன்னொரு வகை. பெரும்பாலும் ஈஸ்ட்ரடையாலையும் டிரென்போலோனையும் சேர்த்துத் தருகிறார்கள். மணி மெதுவாகக் கரைந்து ரத்தத்தில் கலக்கும். சாதாரண வகை 60 முதல் 120 நாள் வரை நிற்கும், மேற்பூச்சு கொடுத்த வகை 200 நாள் வரைகூட நிற்கும்.

இந்த வழக்கம் புதிதல்ல. 1954-இல் ஐயோவாவில் வைஸ் பரோஸ் என்ற ஆராய்ச்சியாளர் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனைத் தீனியில் கலந்து கொடுத்து எடை கூடுவதைக் காட்டினார். பிறகு அதையே காதிலும் வைத்தார்கள். அந்த மருந்து மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தெரிந்ததும் 1979-இல் மாட்டுக்குக் கொடுப்பதை அமெரிக்கா அடியோடு நிறுத்தியது. இன்றைக்கு அங்கே விற்கும் மருந்துகள் வேறு. அந்தப் பழைய பெயரைச் சொல்லி இன்றைய மருந்தைப் பயமுறுத்துவது சரியல்ல, "எல்லாம் இயற்கைதான்" என்று தள்ளிவிடுவதும் சரியல்ல.

ஹார்மோன் உள்ளே போனதும் தசை வளர்ச்சிக்கான சுரப்பு கூடுகிறது. தின்ற தீனியில் கொழுப்பாகப் போகும் பங்கு குறைந்து தசையாகப் போகும் பங்கு கூடுகிறது. கடைசிக்கட்டத் தீனியில் நிற்கும் மாட்டில் எடை ஏறும் வேகம் 10 முதல் 20 சதவீதம் வரை கூடும். ஒரு கிலோ எடைக்கு ஆகும் தீனி 5 முதல் 15 சதவீதம் வரை குறையும். பால்குடிக் கன்றில் பலன் சிறியது, நாளுக்கு 50 கிராம் கூடினாலே அதிகம்.

இந்தச் சதவீதக் கணக்கில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அங்கே தீனிக்கூடத்து மாடு, அதாவது அடைத்துவைத்துத் தீனி போட்டுக் கொழுக்கவைக்கும் மாடு, நாளுக்கு ஒன்றரை கிலோ ஏறுகிறது, அதில் 15 சதவீதம் என்றால் 225 கிராம். வெறும் சோளத்தட்டைத் தின்று தண்ணீர் குடித்து நாளுக்கு 200 கிராம் ஏறும் நம் கன்றில் அதே 15 சதவீதம் என்பது 30 கிராம். இரண்டு கைப்பிடி புண்ணாக்கு அதைவிட அதிகம் ஏற்றும். இன்னும் சொன்னால் அந்த 30 கிராமும் வராது. தசை கட்டப் புரதம் வேண்டும், புரதமே இல்லாத வயிற்றில் ஹார்மோன் எதை வைத்துக் கட்டும்? மெலிந்து கிடக்கும் மாட்டுக்கு இம்ப்ளான்ட் வைப்பது வீண் என்பது அங்கேயே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

இன்னொரு விஷயம். அங்கே கறிக்கு வளர்ப்பது பெரும்பாலும் காயடித்த மாடு. காயடித்தால் மாடு சாதுவாகும், கறியில் கொழுப்பு படியும், ஆனால் வளர்ச்சி வேகம் குறையும். விதையிலிருந்து சுரந்ததை அறுத்துவிட்டு, அதில் ஒரு பங்கைக் காது வழியாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். காயடிக்காத நம் காளைக்கன்றுக்கு அது உடம்பிலேயே செலவில்லாமல் சுரக்கிறது.

யாருக்கு வைக்கலாம், யாருக்கு வைக்கக் கூடாது

காயடித்த மாடு, கறிக்கென்று ஒதுக்கிய கிடாரி, இரண்டுக்கும் வைப்பார்கள். பொலிகாளையாக நிறுத்தப்போகும் கன்றுக்கு வைக்கவே மாட்டார்கள், அதன் விதை வளர்ச்சி தடைப்படும். மயிலை நிறக் காங்கயம் காளைக்கன்றைக் கண்ணபுரம் தேர்த் திருவிழா மாட்டுச் சந்தையில் நல்ல விலைக்குக் கொடுக்கலாம் என்று வளர்க்கிறவர் இந்த ஒரு வரியைப் படித்தாலே போதும். உடம்பு பெருத்தும் விதை சிறுத்தும் நிற்கும் காளையை விவரம் தெரிந்தவர் வாங்கமாட்டார். வாலைத் தூக்கிப் பின்னால் பார்க்காமல் இங்கே யார் விலை பேசுகிறார்கள்?

சினைக்கு நிறுத்தப்போகும் கிடாரிக்கு, பிறந்தவுடனே வைத்தாலும் பால் மறந்த பிறகு வைத்தாலும் கருப்பை வளர்ச்சியும் சினை பிடிப்பதும் கெடும் என்று எச்சரிக்கிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் ஒரே ஒரு முறை வைக்க அங்கே சில வகைக்கு அனுமதி உண்டு. ஆனால் எந்தக் கிடாரியை நிறுத்துவது என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு வைக்காமல் விடுவதே வழக்கம். கறவை மாட்டுக்கும் சினை மாட்டுக்கும் இது மருந்தே அல்ல.

வைக்கும் முறை

ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ தீனிக்கூடங்களில் வேலைக்குப் போகிற நம் பையன்களுக்கும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கும் இந்தப் பகுதி நேரடியாகவே உதவும்.

முதலில் எடையும் திட்டமும். எந்த மாடு, என்ன வயது, எத்தனை நாளில் விற்பனை என்று எழுதிவைத்துக்கொண்டு அதற்கேற்ற மருந்தைத் தேர்வு செய்வார்கள். 100 நாளில் விற்கப்போகும் மாட்டுக்கு 200 நாள் மருந்து வைத்தால் பாதிக் காசு காதோடு போய்விடும். இளங்கன்றுக்கு வீரியம் குறைந்தது, கடைசிக்கட்டத்துக்கு வீரியம் கூடியது என்பது பொது வழக்கம். ஒரே கட்டத்தில் இரண்டாம் முறை வைக்க வேண்டுமென்றால் மருந்தோடு வரும் குறிப்புச் சீட்டிலேயே (லேபிள்) அதற்கு அனுமதி இருக்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அமெரிக்காவில் இதில் கண்டிப்பு கூடிவிட்டது.

அடுத்தது பிடிப்பு. மாடு உடம்பை அசைக்கலாம், தலையை அசைக்கவே கூடாது. நம் கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டை நிறுத்திப் பிடிக்கும் டிராவிஸ் சட்டம் மாதிரியே, ஆனால் கழுத்தையும் தலையையும் இறுக்கிப் பிடிக்கும் கூண்டுக்குள் மாட்டை விடுவார்கள். தலை அசைந்தால் ஊசி காதைக் கிழித்து மறுபுறம் வந்துவிடும்.

மூன்றாவது காதைப் பார்ப்பது. சாணியும் சேறும் காதில் அப்பியிருந்தால் முதலில் சுரண்டி எடுத்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த தண்ணீர் தொட்ட தூரிகையால் தேய்த்து, ஈரம் போகத் துடைக்க வேண்டும். சுத்தமாக, காய்ந்து இருக்கும் காதை வீணாக நனைக்கவும் கூடாது, ஈரத்தோடு அழுக்கும் உள்ளே போகும். அடையாளத் தோடு போட்ட இடம், பழைய தழும்பு, முன்பு மருந்து வைத்த இடம் மூன்றையும் தவிர்ப்பார்கள்.

இனி வைப்பது. காதின் பின்புறத்தை நீளவாக்கில் மூன்று பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து போய் உட்கார வேண்டியது நடுப்பங்கில், இரண்டு குருத்தெலும்பு மேடுகளுக்கு நடுவே, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில். ஊசியை நுனிப்பங்கில் நுழைத்து, காதுக்கு இணையாக, தலைப்பக்கமாகத் தள்ள வேண்டும். முழு ஊசியும் உள்ளே போனதும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டே விசையை அழுத்தினால் மணிகள் ஒரே வரிசையில் இறங்கும். ஊசியை எடுத்ததும் துளையைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டு, காதை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சரியாக வைத்திருந்தால் தோலுக்கடியில் நெல்மணிகளைக் கோத்து வைத்த மாதிரி வரிசையாகத் தட்டுப்படும். ஒரே இடத்தில் குவியலாகத் தட்டுப்பட்டால் ஊசியைப் பின்னுக்கு இழுக்காமலே அழுத்தியிருக்கிறார்கள். எதுவுமே தட்டுப்படாவிட்டால் மருந்து குருத்தெலும்புக்குள் போயிருக்கும், இல்லாவிட்டால் கீழே விழுந்திருக்கும்.

ரத்தக் குழாயில் குத்தி ரத்தம் வந்தால் மணிகள் வெளியே தள்ளப்படும். குருத்தெலும்பைக் கீறினால் அதைச் சுற்றித் தசை மூடிக்கொண்டு மருந்து கரையாமல் கிடக்கும். அழுக்கு ஊசியால் சீழ் பிடித்தால் மணிகள் சீழோடு வெளியே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவே ஊசியை மருந்துத் தண்ணீர் நனைத்த பஞ்சில் துடைப்பார்கள், முனை மழுங்கினால் உடனே மாற்றுவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து சில மாடுகளைப் பிடித்துக் காதைத் தடவிச் சரிபார்க்கிற பண்ணைதான் நல்ல பண்ணை. வைக்கிற ஆளும் கையுறை போட வேண்டும், முக்கியமாகப் பெண்கள். ஹார்மோன் தூள் தோல் வழியாகவும் ஏறும்.

காதில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அறுக்கும்போது காதை வெட்டி எறிந்துவிடுவார்கள், மிச்சமிருக்கும் மருந்து யார் தட்டுக்கும் வராது. அதே ஊசியைக் கழுத்திலோ தொடையிலோ போடுவது அங்கே சட்ட மீறல். ஆஸ்திரேலியாவில் இந்த மருந்து வைத்த மாட்டின் காதில் முக்கோண வடிவத் துளை போட்டு அடையாளம் வைக்கிறார்கள். ஹார்மோன் இல்லாத கறி கேட்கும் சந்தைக்கு அந்த மாடு போகாது.

வைத்த பிறகு தீனியை உயர்த்த வேண்டும், குறைக்கக் கூடாது. வீரியம் தவறினால் காயடித்த மாடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே இருக்கும், ஏறப்பட்டது கால் ஒடிந்துகூட விழும். வால் தொடங்கும் இடத்து எலும்பு மேடாகத் தெரியும். கறிக்குள் படியும் கொழுப்பு குறைவதால் தரமும் ஒரு படி இறங்கலாம்.

இங்கே ஏன் கூடாது

இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் எருமைக்கறி ஹார்மோன் இல்லாதது என்ற பெயரோடுதான் விற்கப்படுகிறது. ஐரோப்பிய நாடுகள் 1989-இலேயே ஹார்மோன் கொடுத்த மாட்டுக்கறியின் இறக்குமதியை நிறுத்திவிட்டன. அதை எதிர்த்து அமெரிக்காவும் கனடாவும் உலக வர்த்தக அமைப்பு வரை போய்ப் பல வருடம் வழக்காடின. ஐரோப்பா தடையை எடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய காரணம் வேறு. 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயது தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாதது, அல்லது நிரந்தரமாக முடமானது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். எருமையும் இதில் அடங்கும். பசுவையும் கிடாரியையும் அறுக்க 1976-இல் வந்த அரசாணை தடை போட்டது. ஒன்றரை வயது மாட்டைக் கொழுக்கவைத்து அறுக்கும் தொழிலுக்காக உண்டான மருந்து இம்ப்ளான்ட். அந்தத் தொழிலே இங்கே சட்டப்படி இல்லாதபோது மருந்துக்கு என்ன வேலை?

அப்புறம் சந்தையில் "ஒரு ஊசி போட்டாப் போதுமுங்க, கன்னு பத்து நாள்ல மினுமினுன்னு ஆயிரும்" என்று யாராவது நீட்டினால் பாட்டிலைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். மாடு கொஞ்ச நாள் நன்றாகத் தின்னும், மேலுக்குப் பூசினாற்போலத் தெரியும். உள்ளே நோய் எதிர்ப்பு குறையும், சினை மாடாக இருந்தால் கன்று விழும்.

நம் கட்டுத்தறிக்கான முறை

காங்கயம் காளைக்கன்று வளர்ப்பவர், ஜெர்சிக் கிடாரியைக் காலத்தில் சினைக்குக் கொண்டுவர நினைப்பவர், எருமைக்கன்று வைத்திருப்பவர், மூன்று பேருக்கும் பாதை ஒன்றுதான்.

*முதல் மாதம்.* சீம்பாலை முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுங்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளில் உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், இரண்டு மூன்று தவணையாக. பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற வீடுகளில் காளைக்கன்று என்றாலே காம்பைக் காட்டிவிட்டு இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அந்த முதல் மாதத்தில் தேய்ந்த கன்றை ஆறாம் மாதத்தில் எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது. இரண்டாவது மூன்றாவது வாரத்திலேயே உருண்டைப்புழுவுக்கு மருந்து கொடுங்கள், பைப்பரசின் போதும். எருமைக்கன்றுக்கு இதைத் தவறவிட்டால் நாற்றமடிக்கும் வெள்ளைக் கழிச்சல் எடுத்துக் கன்றே போய்விடும்.

*எடை பார்த்தல்.* அங்கே எடை தெரியாமல் எதையும் தொடமாட்டார்கள். நம் வீட்டில் எடைமேடை இருக்காது, தையல் டேப் இருக்கும். மாட்டைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு முனை வரை நீளம் அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 50, நீளம் 44 என்றால் 50 × 50 × 44 = 1,10,000. அதை 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 167 கிலோ. மாதத்துக்கு ஒருமுறை, காலையில் தீனிக்கு முன்னால், ஒரே ஆள் அளக்க வேண்டும். ஆள் மாறினால் டேப்பின் இறுக்கமும் மாறும். முந்தின மாதத்தோடு கழித்து முப்பதால் வகுத்தால் நாளுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று தெரியும். கால் கிலோவுக்குக் கீழே என்றால் தீனியிலோ புழுவிலோ கோளாறு. ஜெர்சிக் கலப்பில் நல்ல தீனிக்கு அரை கிலோவாவது வர வேண்டும். காங்கயத்துக்கு அதைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள், அந்த மாடு நிதானமாகக் கட்டும்.

*புழு.* கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் காட்டில், மேயும் மாடும் வாய்க்கால் ஓரம் மேயும் மாடும் ஒன்றல்ல. கீழ்பவானி, அமராவதிப் பாசன ஊர்களில் வரப்புப் புல் தின்னும் மாட்டுக்கு நத்தை வழியாக ஈரல் தட்டைப்புழு வரும். மாடு தின்னும், ஆனால் தேறாது, தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். அதற்கு ஆக்சிகுளோசனைடு போன்ற தனி மருந்து வேண்டும். வழக்கமான ஃபென்பெண்டசோலை ஊற்றிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. கொஞ்சம் சாணியைப் பொட்டலம் கட்டி மருந்தகத்துக்குக் கொண்டுபோனால் என்ன முட்டை என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தைச் சினையின் ஆரம்ப மாதங்களில் கொடுக்கக் கூடாது. மாட்டின் எடைக்குத் தக்க அளவு முக்கியம், குறைத்துக் கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். அதற்கும் மேலே சொன்ன டேப்தான் உதவும்.

*தீனி.* இம்ப்ளான்டுக்கு ஆகும் செலவை மனதில் வைத்திருந்தவர் அதை இங்கே போடலாம்.

கன்றின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு ஈரமில்லாத தீனியாக உள்ளே போக வேண்டும். 100 கிலோ கன்றுக்குக் கலப்புத் தீவனம் ஒன்று முதல் ஒன்றேகால் கிலோ, பசும்புல் ஐந்து கிலோ, சோளத்தட்டு ஒரு கிலோ என்பது சரியாக வரும். கலப்புத் தீவனத்தை வீட்டிலேயே அரைக்கலாம். நூறு கிலோவுக்கு மக்காச்சோளமோ கம்போ 35, கடலை, தேங்காய், பருத்திக்கொட்டைப் புண்ணாக்குகளில் கிடைத்தது 30, தவிடு 32, தாது உப்பு 2, சமையல் உப்பு 1. சுவரை நக்குவது, மண் தின்பது, பிளாஸ்டிக் மெல்லுவது எல்லாம் தாது உப்புக் குறைவுக்கான அடையாளமாக இருக்கலாம்.

சேலம், நாமக்கல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பி, அதாவது மரவள்ளியில் மாவு எடுத்த சக்கை, மலிவாகக் கிடைக்கும். அதில் மாவு உண்டு, புரதம் கிட்டத்தட்ட இல்லை. மக்காச்சோளத்தில் பாதிக்குப் பதிலாகத் திப்பி போடலாம், புண்ணாக்கைக் குறைக்கக் கூடாது. திப்பியே போதும் என்று கொட்டினால் வயிறு பெருக்கும், முதுகு ஏறாது. பச்சையான மரவள்ளித் தோலிலும் இலையிலும் சயனைடு விஷம் இருக்கிறது, நன்றாக வெயிலில் காயவைத்தே கொடுக்க வேண்டும். பூக்காத இளஞ்சோளத்திலும், மழையில்லாமல் வாடிய சோளத்திலும் அதே விஷம்.

கோழிப்பண்ணைக்கு ஆகாது என்று தள்ளிய பூஞ்சை மக்காச்சோளம் குறைந்த விலைக்கு வரும். வாங்காதீர்கள். ஜெரனால் என்ற வளர்ச்சி மருந்தே மக்காச்சோளப் பூஞ்சை உண்டாக்கும் ஜியரலெனோன் என்ற நஞ்சிலிருந்து செய்ததுதான். அளவில்லாமல் அந்த நஞ்சைத் தின்னும் கிடாரிக்கு மடியும் பிறப்புறுப்பும் வீங்கலாம், சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரலாம். சினை ஊசி போட்டவரைக் குறை சொல்வதற்கு முன்னால் தீவன மூட்டையைக் கொட்டிப் பாருங்கள்.

கல்யாண மண்டபத்தில் மீந்த சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து மாட்டுக்குக் கொட்டுகிற பழக்கத்தையும் விட வேண்டும். சோறு வயிற்றுக்குள் மளமளவெனப் புளித்து அமிலமாகும். மாடு படுத்துவிடும், பல சமயம் எழாது. எந்தப் புதுத் தீனியையும் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டுங்கள்.

வைகாசி, ஆனி வரை பசுமை இல்லாமல் ஓட்ட வேண்டியவர்களுக்கு யூரியா ஊறவைத்த தட்டு கைகொடுக்கும். நறுக்கிய தட்டோ வைக்கோலோ 100 கிலோவுக்கு, 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்று போகாமல் மூடி 21 நாள் விட வேண்டும். கொடுப்பதற்கு முன் எடுத்து ஒருமணி நேரமாவது ஆறவிடுங்கள், அமோனியா நெடி அடங்கட்டும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள கன்றுக்குக் கூடாது. யூரியாவைத் தண்ணீர்த் தொட்டியில் கலப்பது, மேலாகத் தூவுவது இரண்டும் மாட்டைக் கொல்லும்.

கொறங்காடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழுக்கட்டைப் புல் பூக்கும் சமயத்தில் சத்து நல்லது, காய்ந்து நின்றால் வெறும் நார்தான். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரே காட்டில் விட்டு மொட்டையடிக்காமல், கிளுவை வேலிக்குள் தடுத்துத் தடுத்து மாற்றி மேய்த்தால் தை, மாசி வரை இழுக்கலாம். வெள்வேலாங்காய் உதிரும் காலத்தில் ஆட்டுக்கு மட்டும் என்று ஒதுக்காமல் கன்றுகளையும் விடுங்கள். பங்குனிக்கு மேல் புண்ணாக்கு இல்லாமல் எடை நிற்காது.

*காயடித்தல்.* வேலைக்கோ பொலிக்கோ ஆகாத கன்றை அடக்கத்துக்காகக் காயடிப்பது சரி. எடைக்காக வேண்டுமென்றால் அவசரப்படாதீர்கள், காயடிக்காத கன்றுதான் வேகமாக ஏறும். அடிப்பதானால் தோலை வெட்டாமல் நசுக்கும் பர்டிசோ கருவியால், கால்நடை மருத்துவரைக் கொண்டு செய்யுங்கள்.

*தடுப்பூசி.* கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும். முகாம் ஊருக்கு வரும்போது சோம்பல்பட்டு விட்டுவிட வேண்டாம். கோமாரி வந்து எழுந்த மாடு ஒரு வருட எடையை இழந்துதான் எழும், வெயிலில் இரைத்துக்கொண்டும் கிடக்கும். கிடாரிக்கு மட்டும் நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் கன்று வீச்சு நோய்க்கான புருசெல்லா ஊசி ஒருமுறை. அவசரத்துக்கு 1962 எண்ணைக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

*விற்பது.* ஜெர்சிக் கிடாரிக்கு வயதை எண்ணாமல் டேப்பைப் பாருங்கள், 220 முதல் 250 கிலோ வந்ததும் சினை ஊசிக்குக் கொண்டுபோகலாம். காளைக்கன்றை பழையகோட்டை ஞாயிற்றுச் சந்தைக்கோ கண்ணபுரத்துக்கோ பிடிப்பதாக இருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்பே புழு மருந்தும் தீனி உயர்த்துவதும் முடிந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் அள்ளிக் கொட்டினால் கழிச்சல் எடுத்து வயிறு ஒட்டிப்போகும். வண்டியில் ஏற்றும் நாள் காலையில் தட்டும் தண்ணீரும் மட்டும் போதும். மாதாமாதம் அளந்த நோட்டைக் கையில் வைத்திருங்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது வியாபாரி "நூத்தம்பது கிலோவுக்கு மேல போகாதுங்க" என்பார், உங்களுக்கு அது 180 கிலோ என்று தெரிந்திருக்கும்.